மாலிக் அம்பர்: ஜஹாங்கீரால் பிடிக்க முடியாத முன்னாள் அடிமை

மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரண்மனை ஓவியர் அபுல் ஹசன், 1616 வாக்கில் ஒரு ஓவியம் வரைந்தார். பேரரசர் பூமி உருண்டை மேல் நிற்கிறார். எதிரே ஒரு ஈட்டி முனையில் கறுப்பு நிற மனிதர் ஒருவரின் வெட்டப்பட்ட தலை. அதைக் குறிபார்த்து அம்பு விடுகிறார். நெட்டில் தேடினால் உடனே கிடைக்கும். ட்விஸ்ட் என்னன்னா, அப்படி ஒரு சம்பவம் நடக்கவே இல்லை! அந்த மனிதர் அதுக்கப்புறமும் 10 வருஷம் உயிரோடு இருந்து, மொகலாயப் படையைத் தோற்கடிச்சிட்டுதான் போய்ச் சேர்ந்தார். அவர்தான் மாலிக் அம்பர்.

பிறந்தது சுமார் 1548இல், எத்தியோப்பியாவில். அப்போது அவர் பெயர் சாப்பு. சின்ன வயசிலேயே அடிமையாக விற்கப்பட்டார். செங்கடல் தாண்டி ஏமனின் மோக்கா, அங்கிருந்து பாக்தாத் என்று கை மாறிக்கொண்டே இருந்தார். பாக்தாத்தில் வாங்கியவர் அவருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்து, அம்பர் என்று பெயர் வைத்தார். 1570களின் தொடக்கத்தில் மறுபடி ஒரு விற்பனை. இந்தத் தடவை தக்காணம்.

இங்கே வாங்கியவர் அகமதுநகர் சுல்தானின் பிரதம மந்திரி சங்கிஸ் கான். அவரும் ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமைதான். புரியவே இல்லையா? தக்காணத்தில் அடிமைகளைப் பெரும்பாலும் வாங்கியது வயல் வேலைக்கு இல்லை, படைக்கு. உள்ளூரில் சொந்தபந்தம் இல்லாத ஆள் என்றால் எஜமானுக்கு மட்டும் விசுவாசமாக இருப்பான் என்பது கணக்கு. எஜமான் இறந்தால் பெரும்பாலும் விடுதலை. திறமை இருந்தால் பதவி கூட வரும். இப்படி வந்த ஆப்பிரிக்கர்களை ஹப்ஷிகள் என்பார்கள்.

சில வருஷத்தில் சங்கிஸ் கான் இறந்துபோக, அவர் மனைவி அம்பரை விடுவித்தார். விடுதலை கிடைச்சாச்சு, ஆனால் கையில் நிலமோ குடும்பப் பெயரோ எதுவும் இல்லை. தெரிந்தது போர் மட்டும்தான். சின்ன குதிரைப்படை ஒன்றைச் சேர்த்துக்கொண்டு பிஜாப்பூரில் வேலை பார்த்தார். மாலிக் என்ற பட்டம் அங்கே வந்தது.

1595இல் அகமதுநகரில் உள்நாட்டுச் சண்டை வெடித்தது. நாலு கோஷ்டி, ஆளுக்கு ஒரு வாரிசு. அதில் ஒரு கோஷ்டி உதவிக்கு மொகலாயர்களையே கூப்பிட்டது. அவ்வளவுதான், வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. கோட்டையைக் காத்த சாந்த் பீபி சொந்த ஆட்களாலேயே கொல்லப்பட, 1600இல் அகமதுநகர் விழுந்தது. அந்த நேரம் ஊர் திரும்பியிருந்த அம்பர், சிதறிய வீரர்களைத் திரட்டி, அரச குடும்பத்து இளைஞர் ஒருவரை முர்தசா என்ற பெயரில் அரியணை ஏற்றினார். தன் மகளையும் அவருக்கே கட்டிக்கொடுத்தார். பட்டம் மருமகனுக்கு, ஆட்சி மாமனாருக்கு!

எண்ணிக்கையில் மொகலாயப் படையோடு போட்டி போடவே முடியாது. அதனால் அம்பர் மலையை நம்பினார். நம்ம நீலகிரி இருக்கிற அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான் வடக்கே அவர் போர்க்களம். பர்லியார் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு லாரி மூச்சு வாங்கி ஏறுவதைப் பார்த்திருப்பீங்க. அந்த மாதிரிச் சரிவில் பீரங்கி, யானை, கூடாரம் எல்லாம் இழுத்து வரும் படை என்னாகும்? அம்பரின் மராத்திய குதிரை வீரர்கள் திடீர்னு வந்து உணவு வண்டிகளை அடித்துவிட்டு மறைந்துவிடுவார்கள். அந்த வீரர்களில் சிவாஜியின் தாத்தா மாலோஜியும் அப்பா ஷாஜியும் உண்டு. 1624இல் பாட்வாடியில் மொகலாயர், பிஜாப்பூர் இரண்டு படையையும் சேர்த்தே தோற்கடித்தார். அப்போது வயசு எழுபதைத் தாண்டியிருந்தது.

நம்ம மாதிரி இன்ஜினியரிங் பசங்களுக்கு இன்னொரு அம்பர் இருக்கிறார். 1610இல் கட்கி என்ற ஊரைத் தலைநகராக உருவாக்கினார். மழை குறைவான இடம். மலையடிவார நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய் வழியாக ஊருக்குள் கொண்டுவந்தார். பம்ப் கிடையாது, சரிவு மட்டும்தான். சுத்தம் செய்ய மேலே மேன்ஹோல்கள். நஹ்ர்-எ-அம்பரி என்ற அந்த அமைப்பின் எச்சங்கள் இன்னும் இருக்கின்றன. நிலத்தை அளந்து, விளைச்சலைப் பார்த்து வரி போடும் முறையையும் கொண்டுவந்தார்.

இதோடு முடித்தால் சூப்பர்ஹீரோ கதை. ஆனால் அம்பரின் படையில் ஆயிரக்கணக்கான ஹப்ஷிகள் இருந்தார்கள். அவரைப் போலவே விலைக்கு வாங்கப்பட்டு வந்தவர்கள். தான் ஏறி வந்த ஏணியை அவர் உடைக்கவில்லை, பயன்படுத்தினார். 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்கு மாநிலங்களுக்காகப் போரிட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்தவர்கள். 1865இல் அங்கே அடிமைமுறையே சட்டப்படி ஒழிந்தது. அம்பர் காலத்தில் மாறியது அவர் வாழ்க்கை மட்டும்தான். இதெல்லாம் தூரத்து சமாச்சாரம்னு நினைக்க வேண்டாம். நம்ம கூடலூர், வயநாடு பக்கம் பணியர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமைகளாக இருந்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976இல்தான். ஒருத்தர் தப்பிச்சு மேலே வருவது வேறு, எல்லோரும் விடுதலை ஆவது வேறு.

அம்பர் 1626இல் இறந்தார். அதுவரை அவர் பெயரைக் கேட்டாலே கொதித்த மொகலாய அரசவையின் வரலாற்றாசிரியர் ஒருவரே அவரது வீரத்தையும் நிர்வாகத்தையும் பாராட்டி எழுதினார். கட்கி பிறகு ஔரங்காபாத் ஆனது, இப்போது சத்ரபதி சம்பாஜிநகர். எல்லோரா டூர் போனால் பக்கத்திலேயே இருக்கும் குல்தாபாத்துக்கும் ஒரு எட்டு போய் வாங்க. அம்பரின் கல்லறை அங்கேதான். ஜஹாங்கீரின் பேரன் ஔரங்கசீப்பும் அதே ஊரில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்.