மூக்குச் சிந்தக் கற்றுத்தந்த மருத்துவர்

காலையில் மன்னார்புரம் நால்ரோட்டைக் கடக்கும் பள்ளி ஆட்டோக்களில் புத்தக மூட்டையோடு நம் பிள்ளைகள் போகிறார்கள். மாலையில் வந்ததும் மதிப்பெண்ணைக் கேட்கிறோம். மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பது அரிது. அதைக் கேட்டவர் ஒருவர் நம் தமிழகத்திலேயே சில ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் மரியா மான்டிசோரி.

1870இல் இத்தாலியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த மரியா, 1896இல் உரோமையில் மருத்துவரானார். 1907 சனவரி 6, திருக்காட்சிப் பெருவிழாவன்று, சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். வந்தவர்கள் கூலித் தொழிலாளரின் பிள்ளைகள். ஒருநாள் கைக்குட்டையால் ஓசையில்லாமல் மூக்குச் சிந்துவது எப்படி என்று செய்து காட்டினார். சற்று வேடிக்கையாகத்தான் தொடங்கினார். பிள்ளைகளோ கண் கொட்டாமல் பார்த்து, முடிந்ததும் கைதட்டினார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று எப்போதும் திட்டு வாங்கியவர்கள் அவர்கள். அவமானப்படுத்தாமல் யாரும் சொல்லித் தந்ததில்லை என்பது அவருக்கு அப்போது விளங்கியது. (நம் மறைக்கல்வி வகுப்புகளிலும் இப்படித் திட்டு மட்டுமே வாங்கும் பிள்ளைகள் உண்டு.)

பிறர் பிள்ளைகளின் மனதைப் படித்த இந்தத் தாய்க்குத் தன் பிள்ளையோடு வாழக் கொடுத்து வைக்கவில்லை. மணமாகாமல் 1898இல் பெற்ற மகன் மாரியோவை, ஊருக்கு அஞ்சி, வேறொரு குடும்பத்தில் வளர விட்டார். மகன் வளர்ந்த பிறகே அருகில் சேர்த்துக்கொண்டார். அப்போதும் மகன் என்று வெளியில் சொல்ல முடியவில்லை. அவரைத் தீர்ப்பிட நமக்கு மனம் வரவில்லை.

1939இல் மாரியோவோடு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். ஆகஸ்ட் 31, மரியாவின் 70ஆம் பிறந்தநாளில், வைசிராய் மாரியோவை விடுவித்தார். அவரை மரியாவின் மகன் என்றே ஆங்கில அரசு குறிப்பிட்டது.

பின்னர் இருவரும் கொடைக்கானலில் தங்கினார்கள். மலைச்சரிவில் பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகச் செடியையும் பூச்சியையும் கவனித்தார்கள். பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லா உயிரும் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்கிறது என்று உணர்த்தும் தொடக்கக் கல்வி முறை இங்கேதான் விரிந்தது.

1952 மே 6 அன்று நெதர்லாந்தில் இறந்தார். 2007இல் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது, பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்து அட்டைகளைத் தாங்களே எடுத்துப் படித்தார்கள். கரும்பலகையும் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியிருந்தது.