பொறுப்பைக் கைமாற்றாத பந்தய வீரர்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் வேகம் ஒன்றே நம் நினைவுக்கு வரும். பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயமோ, வேகத்தோடு நிதானத்தையும் சோதிப்பது. சனிக்கிழமை பிற்பகலில் புறப்படும் வண்டிகள் இரவெல்லாம் ஓடி, ஞாயிறு பிற்பகலில்தான் நிற்கும். வண்டிக்கு இரு ஓட்டுநர் என்பது அக்கால முறை. ஒருவர் ஓட்ட, மற்றவர் இளைப்பாறுவார். அம்முறைக்கு உடன்படாது, வெற்றியின் வாயிலில் அதனை இழந்தவர் பியேர் லெவெக்.

இவர் 1905 டிசம்பர் 22 அன்று பாரிஸ் மாநகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேறு. இவருடைய உறவினரான ஆல்பிரெட் வெல்கே, தம் பெயரின் எழுத்துக்களை மாற்றியமைத்து 'லெவெக்' என்ற புனைபெயரில் பந்தயங்களில் புகழ் பெற்றவர். அவர் 1904-இல் மறைந்தார். தாம் பிறக்குமுன்பே மறைந்த அப்பெரியவரின் பெயரைத் தாமும் சூடிக்கொண்டே பியேர் களம் இறங்கினார். 1938-இல் முதன்முறையாக லெ மானில் ஓட்டினார். 1951-இல் டால்போ வண்டியில் ரெனே மார்ஷான் என்பவருடன் சேர்ந்து நான்காம் இடம் பெற்றார்.

மறு ஆண்டு மீண்டும் டால்போவுடன் வந்தார். நாலரை லிட்டர் எஞ்சின் கொண்ட அவ்வண்டியின் கியர்ப் பெட்டி, வில்சன் என்னும் பொறியாளர் வகுத்த முறையில் அமைந்தது. அடுத்து வேண்டிய கியரைச் சிறு நெம்புகோலால் முன்கூட்டியே குறித்து வைக்கலாம். இடக்கால் மிதியை அழுத்தி விடும்போதே அது மாறும். கைக்கு உழைப்புக் குறைவு, கருத்துக்கோ ஓய்வில்லை. குறித்தது எது என்பதை மறந்து தாழ்ந்த கியரை ஏற்றிவிட்டால், எஞ்சின் அளவு மீறிச் சுழன்று பழுதுபடும். ஒரு சுற்றோ சுமார் பதின்மூன்றரைக் கிலோமீட்டர். சுற்றுதோறும் பலமுறை கியர் மாற்ற வேண்டும்.

1952 ஜூன் 14 அன்று பந்தயம் தொடங்கியது. எதிரே வலிமை மிக்க மெர்சிடிஸ் வண்டிகள். இரவு கழிந்து பொழுது விடிந்தபோதும் லெவெக் இருக்கையை விட்டு இறங்கவில்லை. துணை ஓட்டுநர் மார்ஷான் காத்திருந்ததே மிச்சம். நான்கு சுற்றுகள் முன்னிலையில் இருந்தார். முடிவுக்கு ஒரு மணிக்குச் சற்றுக் கூடுதலாகவே எஞ்சியிருந்தது. அந்நிலையில் எஞ்சினுள் உறுப்பு முறிந்து வண்டி நின்றது. முதலிரு இடங்களும் மெர்சிடிஸைச் சேர்ந்தன.

சோர்வினால் கியரைத் தவறாக மாற்றினார் என்றனர் பலர். எஞ்சினில் முன்பே கோளாறு கண்டதாகவும், அதைப் பிறர் கையில் ஒப்படைக்க அஞ்சியே தாம் இறங்கவில்லை என்றும் லெவெக் தரப்பில் கூறப்பட்டது. எது மெய்யாயினும், ஏறத்தாழ 23 மணி நேரம் ஒருவரே ஓட்டியது வியப்புக்குரிய ஆற்றல் என்பதில் ஐயமில்லை.

அவ்வாற்றலைக் கண்ட மெர்சிடிஸ் நிறுவனமே 1955-இல் அவருக்குத் தன் வண்டியைத் தந்தது. அவ்வாண்டு ஜூன் 11 அன்று மாலை, முன்னே திடீரென விலகிய மற்றொரு வண்டியின்மீது அவர் வண்டி மோதி மேலெழும்பிச் சிதறியது. லெவெக்கும், பார்வையாளர் எண்பதுக்கும் மேற்பட்டோரும் மாண்டனர். எந்த ஓட்டுநர்மீதும் குற்றமில்லை என விசாரணை முடிவு கூறியது. இன்று லெ மானில் எவரும் மொத்தம் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது.

ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு இதனை எண்ணுந்தோறும் ஒன்று தோன்றும். நெடுந்தூர வண்டியை முதலிலிருந்து கடைசிவரை ஓர் ஓட்டுநரே செலுத்துவதில்லை. இடைநிலையத்தில் ஒருவர் இறங்க, மற்றொருவர் ஏறுகிறார். பயணிகள் உறக்கத்தில் இருப்பர். இறங்குபவருக்கு அதில் இழுக்கில்லை. குடும்பப் பொறுப்பாயினும், நம் சங்கப் பணியாயினும், அடுத்தவரை நம்பி உரிய வேளையில் ஒப்படைப்பதும் ஒரு திறமையே. லெவெக்கிடம் மற்றெல்லாத் திறமையும் இருந்தது.