முதுமைக்கு ஊசி போட்டுக்கொண்ட மேதை

1889-ஆம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி பாரீஸ் நகரின் உயிரியல் கழகக் கூட்டத்தில் 72 வயது முதியவர் ஒருவர் எழுந்து பேசினார். நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளை நசுக்கி, நீர் சேர்த்து வடிகட்டிய சாற்றைத் தம் உடம்பிலேயே ஊசி மூலம் ஏற்றிக்கொண்டதாகவும், அதனால் உடலும் மூளையும் பழைய தெம்பை அடைந்துவிட்டதாகவும் அவர் அறிவித்தார். கேட்டவர்கள் சிலர் வியந்தனர். சிலர் முகம் சுளித்தனர். பேசியவர் தெருவோர வைத்தியர் அல்ல. பிரான்சின் தலைசிறந்த கல்விக்கூடங்களுள் ஒன்றான காலேஜ் தெ பிரான்ஸில் மருத்துவப் பேராசிரியராக இருந்த டாக்டர் பிரவுன்-செகார்தான் அவர்.

தந்தை முகம் காணாதவர்

மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயி நகரில் 1817 ஏப்ரல் 8-ந் தேதி பிறந்தார். புதுச்சேரியிலிருந்து சென்ற தமிழ்க் கைவினைஞர்களின் உழைப்பில் உருவான நகரம் அது என்பது நம்மவர்களுக்கு நினைவிருக்கலாம். தந்தை பிரவுன் அமெரிக்கக் கப்பல் தலைவர். மகன் பிறக்குமுன்பே மாண்டுவிட்டார். தாய் சார்லட் செகார் பிரெஞ்சு வம்சத்தினர். தையல் வேலை செய்து பிள்ளையை வளர்த்தார்.

இளமையில் ஒரு கடையில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு எழுத்தாளராக வேண்டும் என்று ஆசை. 1838-ல் தாயுடன் பாரீஸ் போய்ச் சேர்ந்தார். கையெழுத்துப் பிரதியைப் பார்த்த இலக்கியவாதி ஒருவர் ஊக்கம் கொடுக்காததால் மருத்துவம் படிக்கலானார். (குமாஸ்தாக்களுக்கு எழுத்தாசை பிடிப்பது இன்று நேற்று வந்ததல்ல!) 1846-ல் டாக்டர் பட்டம் பெற்றார். தாயின் நினைவாக அவரது குடும்பப் பெயரையும் தம் பெயருடன் சேர்த்துக்கொண்டார்.

தண்டுவடத்தின் ஒரு பாதி வெட்டுப்பட்டால் அதே பக்கம் அசைவு போகிறது. எதிர்ப்பக்கம் வலியும் சூடும் தெரியாமல் போகிறது. இதைக் கண்டு விளக்கியவர் இவரே. இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் இந்நிலையை இவர் பெயராலேயே படிக்கிறார்கள். 1854-ல் பிறந்த தீவில் காலரா பரவியபோது அங்கே நோயாளிகளுக்கு வைத்தியம் செய்தார். 1856-ல், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளை எடுத்துவிட்டால் விலங்குகள் பிழைப்பதில்லை என்று காட்டினார். பிறகு லண்டன், ஹார்வர்டு, மீண்டும் பாரீஸ் என்று ஓயாத அலைச்சல். 1878-ல் புகழ்பெற்ற கிளாட் பெர்னார்டின் இடத்துக்கு வந்தார்.

மூன்று வாரப் பரீட்சை

எழுபதைத் தாண்டியதும் தளர்ச்சி வந்தது. ஆய்வுக்கூடத்தில் அரை மணி நேரம் நின்றாலே உட்கார வேண்டியிருந்தது. மாலையில் வீடு திரும்பினால் அவசரமாக எதையோ சாப்பிட்டுவிட்டுப் படுக்கைதான். வயதான ஆண்களின் இந்தச் சோர்வுக்கும் மூளை மந்தத்துக்கும் விரைகளிலிருந்து இரத்தத்தில் சேரும் ஏதோ ஒரு பொருள் குறைவதே காரணம் என்று அவர் நெடுங்காலமாக எண்ணியிருந்தார். 1889 மே 15-ந் தேதி ஊசியைத் தொடங்கினார்.

சில நாட்களிலேயே மணிக்கணக்கில் நின்று வேலை செய்ய முடிந்ததாம். மாடிப்படிகளில் ஏறக்குறைய ஓடினார். இரவு உணவுக்குப் பின்னர் கடினமான விஷயத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் எழுதினார். கையின் பலத்தைக் கருவி வைத்து அளந்தபோது அதுவும் கூடியிருந்தது.

இது வெறும் மனப்பிரமையாகவும் இருக்கலாம் என்ற ஐயம் அவருக்கே இருந்தது. ஆகவே மற்ற முதிய மருத்துவர்களும் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். சாற்றை மருத்துவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார். காசு பண்ணியவர்கள் வேறு ஆட்கள். அமிர்தம் என்று சொல்லிப் போலிச் சரக்கு விற்றார்கள். பத்திரிகைகளின் கேலியெல்லாம் கிழவர் தலையில் விடிந்தது.

அவர் சந்தேகப்பட்டதே உண்மை. டெஸ்டோஸ்டிரோன் என்னும் அந்த ஹார்மோனை விரை உற்பத்தி செய்கிறதே தவிர, சேர்த்து வைப்பதில்லை. அது தண்ணீரில் சரியாகக் கரைவதுமில்லை. 1935-ல் ஆம்ஸ்டர்டாமில் இதைப் பிரித்தெடுத்தபோது 100 கிலோ காளை விரையிலிருந்து கிடைத்தது 10 மில்லிகிராம்தான்! ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2002-ல் பிரவுன்-செகாரின் முறைப்படியே சாறு தயாரித்து அளந்தார்கள். அதிலிருந்த ஹார்மோன் எந்தப் பலனும் தரப் போதாது. அப்படியானால் படியேற வைத்தது எது? நம்பிக்கைதான் என்று கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் பண்டித மதன்மோகன் மாளவியா 1938-ல், 76 வயதில், ஒரு தபசியிடம் காயகல்ப சிகிச்சை எடுத்துக்கொண்டார். கல்வியோ தேசத்தொண்டோ இந்த ஆசைக்குத் தடையில்லை.

உண்மையான ஹார்மோனையே கொடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் இதைச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவும் வயதுக்குரிய மறதியும் உள்ள, 65 வயதைக் கடந்த 493 ஆண்களில் ஒரு பாதியினருக்கு ஓராண்டு காலம் ஹார்மோன் பசை. மறுபாதியினருக்கு மருந்தில்லாத வெறும் பசை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. நினைவாற்றலில் இரு சாராருக்கும் வித்தியாசம் காணப்படவில்லை.

இங்கே வலியசாலையில் மாலை நேரத்தில் கூடும் ஓய்வு பெற்ற பெரியவர்கள், தெரிந்தவர் பெயர்கூட மறந்துபோகிறது என்று குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். விளம்பரத்தில் கண்ட குளிகையை வாங்கலாமா என்று விசாரிப்பவரும் உண்டு. ஓய்வூதியத்தில் நல்ல பங்கு அதற்கே போய்விடும். விரையிலோ பிட்யூட்டரியிலோ நோய் இருந்து ஹார்மோன் குறைந்தவர்களுக்கு டாக்டர் தரும் சிகிச்சை வேறு விஷயம். மறதிக்கு வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தைராய்டு குறைவு போன்ற காரணங்களும் இருக்கலாம். காது மந்தம்கூட மறதிபோலத் தோன்றும். இவற்றுக்கெல்லாம் வழி உண்டு.

தைராய்டு என்றதும் மீண்டும் பிரவுன்-செகாரிடமே வர வேண்டியிருக்கிறது. சுரப்பிகள் இரத்தத்தில் பொருள்களைச் சேர்க்கின்றன என்ற அவரது மூலக்கருத்து சரியானதே. அந்த வழியில் 1891-ல் இங்கிலாந்தில் டாக்டர் மர்ரே, தைராய்டு குறைவால் உடல் வீங்கி மந்தமாகிக் கிடந்த ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் கொடுத்தார். அந்தச் சாறு வேலை செய்தது. அப்பெண்மணி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இந்தச் செய்தியைக் கேட்கும் வரை கிழவர் உயிருடன் இருந்தார். 1894 ஏப்ரலில் பாரீஸில் காலமானார். அவர் பிறந்த மொரீஷியஸில் போ பாஸின் என்னும் ஊரிலுள்ள மனநல மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.