மன்னரின் காலும் நம் ஊர்ப் பீடியும்

பழைய வெள்ளி ரூபாயில் முடி சூடிய தலையொன்றைப் பலர் பார்த்திருப்பீர்கள். இந்தியாவின் கடைசிப் பேரரசரான ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலையும் அவ்வாறு அச்சிடப்பட்டதே. அவர் வரலாற்றை நான் எழுதப் புகுந்தது அரசியலுக்காக அன்று; எங்கள் கல்வராயன் மலையில் பீடி பிடிப்போரின் விரல்களுக்காக!

1895 டிசம்பர் 14-இல் பிறந்த இவர் இளமையில் திக்குவாயால் வருந்தினார். முதல் உலகப் போரில் கடற்படையில் பணி புரிந்தார். அண்ணன் முடி துறந்ததால் 1936-இல் எதிர்பாராது அரியணை ஏறினார். இரண்டாம் போரில் இலண்டன் மீது குண்டுகள் விழுந்தபோதும் நாட்டை விட்டு அகலவில்லை. அத்தனை சோதனையிலும் அவரைப் பிரியாத துணை சிகரெட்டு.

1948-இல் அவர் கால்கள் மரத்து வலித்தன. இரத்தக் குழாய்கள் அடைபட்டிருந்தன. வலக்காலையே எடுக்க நேருமோ என மருத்துவர் அஞ்சினர். 1949 மார்ச்சில் ஜேம்ஸ் லியர்மந்த் என்ற அறுவை மருத்துவர், குழாய்களைச் சுருங்கச் செய்யும் நரம்பை இடுப்புப் பகுதியில் துண்டித்தார். கால் தப்பியது. ஆனால் 1951-இல் புற்றுநோயால் இடது நுரையீரல் அகற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 6-இல், 56-ஆம் வயதில், உறக்கத்திலேயே மறைந்தார்.

அவருக்கு வந்தது பர்ஜர் நோய் என்று பலரும் எழுதியுள்ளனர். புகையிலையால் வரும் இந்நோய் காலோடு கைவிரல்களையும் பற்றும். சிறு இரத்தக் குழாய்கள் வீங்கி, உள்ளே இரத்தம் உறையும். விரல் குளிர்ந்து, வெளுத்து, நீலம் பாரிக்கும், நுனியில் ஆறாத புண் தோன்றும், முடிவில் அழுகும். பெரும்பாலும் நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட உழைப்பாளிகளே இதற்கு இரையாகின்றனர். நம் நாட்டில் பீடியே இதற்குப் பெருங்காரணம்.

மருத்துவம் யாது? முதல் மருந்து, புகையிலையை அறவே விடுதல். குறைத்தால் போதாது, மெல்லும் புகையிலையும் ஆகாது. விட்டவர்களில் பெரும்பாலோர் விரலை இழப்பதில்லை. விடாதவருக்கு எந்த அறுவையும் நிலைத்த பயன் தராது. மார்கழிக் குளிரில் கையை மூடிக் காக்க வேண்டும். மரத்த விரலை நெருப்பில் காய்ச்சலாகாது, சுடுவது தெரியாமலே வெந்துவிடும். புண் கண்டால் மலையை விட்டு இறங்கி, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

மன்னருக்கு அரண்மனைக்குள்ளேயே அறுவைக்கூடம் அமைத்தார்கள். நம் மலை உழவனுக்கோ பத்து விரல்களே சொத்து. மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இதை வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நம் கையில் பீடி இருந்தால் அச்சொல் எடுபடாது என்பதையும் நினைவில் வையுங்கள்!