எதிரியை எழுதத் தெரிந்தவர் – கல்கி

'பொன்னியின் செல்வன்' நாவலைக் கையில் எடுத்தவன் சாப்பாட்டையும் மறப்பான் என்பார்கள். அந்த மந்திரத்தைக் கற்றவர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர் என்றால் நம்புவீர்களா?

மாயவரத்துக்குப் பக்கத்தில் புத்தமங்கலம் என்ற சின்ன ஊரில், 1899 செப்டம்பர் 9-இல் பிறந்தவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. திருச்சியில் படித்தபோது காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. படிப்பை விட்டார், 1922-இல் ஓராண்டு சிறை. கையில் சர்டிபிகேட் கிடையாது, பேனா மட்டும்தான்! 1923-இல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் சேர்ந்தார். பிறகு 'ஆனந்த விகடன்'. 1941-இல் சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார்.

வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுவது லேசான வேலையா? படிக்கிறவன் ஏழு நாள் காத்திருக்கணும். அடுத்த இதழையும் காசு கொடுத்து வாங்கணும். 1950 அக்டோபரில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' மூன்றரை வருஷத்துக்கு மேல் ஓடியது. அத்தனை வாரமும் வாசகரை இழுத்தது யார்? வந்தியத்தேவன் என்பீர்கள். நான் நந்தினி என்பேன்!

நந்தினி கல்கியின் கற்பனை. ஆனால் வெறும் கெட்டவள் இல்லை. வீரபாண்டியனைக் கொல்லாதே என்று அவள் கெஞ்சியும் ஆதித்த கரிகாலன் கேட்கவில்லை. அந்தக் காயம்தான் அவள் பழிக்குக் காரணம். அவள் பக்கமும் நியாயம் இருப்பதால், நமக்கு அவள் மேல் கோபமும் வருது, பரிதாபமும் வருது. ரெண்டுக்கும் நடுவில் மனசு தவிக்கிறதே, அங்கேதான் விறுவிறுப்பு பிறக்கிறது.

இன்னொரு நுட்பம்! எதிரியின் திட்டத்தைக் கல்கி நம்மிடம் மறைக்கவில்லை. கடம்பூர் மாளிகைக்குக் கரிகாலனை வரவழைக்கிறார்கள். ஆபத்து என்று நமக்குத் தெரியும். போகாதே என்று எச்சரித்தும் அவன் கிளம்புகிறான். கத்தி எப்போது விழும் என்று ஒவ்வொரு வாரமும் நெஞ்சு படபடக்கும். கடைசியில் அவன் விழுகிறான். கொன்றது யார் என்பதைக் கல்கி தெளிவாகச் சொல்லவில்லை. இன்றைக்கும் அதைப்பற்றி விவாதம்தான்!

1954-இல் கதை முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5-இல் கல்கியும் மறைந்தார். வயது 55.

நம்மிலும் கதை எழுதும் நண்பர்கள் உண்டு. கதாநாயகனுக்குப் பத்துப் பேரை அடிக்கும் பலம் கொடுப்பது இருக்கட்டும். எதிரிக்கு முதலில் ஒரு நியாயம் கொடுங்கள். கதை தானாக ஓடும்!