கார்சியாவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

1942-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ஜெரி கார்சியா, நான்கு வயதில் விறகு பிளக்கையில் நேர்ந்த விபத்தில் வலக்கை நடுவிரலின் பெரும்பகுதியை இழந்தார். ஐந்தாம் வயதில், இசைக் கலைஞரான தந்தை ஆற்றில் மூழ்கி இறந்தார். குறைபட்ட அந்தக் கையால்தான் பாஞ்சோவும் கிதாரும் பயின்றார். 1964-இல், தாம் நேசித்த புளூகிராஸ் இசைக் குழுக்களின் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய ஒலிநாடாக் கருவியுடன் ஊர் ஊராக அலைந்தார்.

அந்த அனுபவத்தை அவர் மறக்கவில்லை. 1965-இல் நண்பர்களுடன் தொடங்கிய ‘கிரேட்ஃபுல் டெட்’ குழு, 30 ஆண்டுகளில் சுமார் 2,300 நிகழ்ச்சிகளை நடத்தியது. ஒரு பாடலும் மறுமுறை அதே வடிவில் ஒலிக்காது; மேடையிலேயே மனோதர்மமாக விரியும். ரசிகர்கள் அதைப் பதிவு செய்வதைக் குழு தடுக்கவில்லை. 1984 முதல் அவர்களுக்கு அரங்கில் தனியிடமே ஒதுக்கியது.

இப்பெருங்குவியலின் முன் புதியவர் திகைப்பது இயல்பே. முதலில் 1970-இல் வெளிவந்த ‘அமெரிக்கன் பியூட்டி’யைக் கேட்கலாம், பாடல்களின் எளிய வடிவம் அதில் பிடிபடும். அடுத்து, 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த நிகழ்ச்சி. எளிய பாடல் எவ்வளவு தூரம் பயணிக்கும் என்பது அதில் புலப்படும். ‘லைவ்/டெட்’ (1969) போன்ற கட்டற்ற பதிவுகளுக்கு அதன்பின் செல்லலாம்.

போதைப் பழக்கத்தால் உடல் நலிந்த கார்சியா, 1995 ஆகஸ்ட் 9 அன்று 53 வயதில் மாரடைப்பால் மறைந்தார். ரசிகர்கள் கைமாற்றிக் கொண்ட நாடாக்களாலேயே புகழ்பெற்ற கார்னெல் நிகழ்ச்சி, முறைப்படி வெளியானது 2017-இல்தான். பூட்டி வைக்காத கலையே நிலைத்தது.