கொக்கலையில் எஞ்சிய ஒரு வீடு

காலியிலிருந்து மாத்தறை நோக்கிச் செல்லும் கரையோரப் பாதையில், கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த ஊர் கொக்கலை. நவீன சிங்கள நாவல் இலக்கியத்தின் முன்னோடியான மார்ட்டின் விக்கிரமசிங்க 1890ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி அங்கு பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்ததால் அவரது பாடசாலைக் கல்வி இடைநடுவில் நின்றது. கொழும்புக்கு வந்து வர்த்தக நிலையமொன்றில் கணக்கெழுதும் தொழில் பார்த்தார். 1914இல் தமது முதல் நாவலான 'லீலா'வை வெளியிட்டார். பின்னர் பத்திரிகைத் துறையில் நுழைந்து, 'சிலுமின', 'தினமின' ஆகிய பத்திரிகைகளின் ஆசிரியராக உயர்ந்தார்.

தமது பிறந்த மண்ணைப் பற்றி 'அபே கம' (எங்கள் ஊர்) என்னும் நூலை அவர் 1940இல் எழுதினார். அவ்வூர் நெடுநாள் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, பிரித்தானிய விமானப் படைத்தளம் அமைப்பதற்காகக் கொக்கலை மக்கள் வெளியேற்றப்பட்டனர்; அவர்களது வீடுகள் இடிக்கப்பட்டன. விக்கிரமசிங்க பிறந்த வீடு மட்டும் அழிவிலிருந்து தப்பியது.

1944இல் வெளிவந்த 'கம்பெரலிய' நாவலில், தென்னிலங்கைக் கிராமமொன்றின் பழம்பெருங் குடும்பம் சரிவதையும் வணிக வர்க்கம் எழுவதையும் அவர் சித்திரித்தார். இந்நாவலை 'கிராமப் பிறழ்வு' என்னும் பெயரில் தமிழுக்குத் தந்தவர் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வறிஞர் எம்.எம். உவைஸ் ஆவார். சிங்களக் கிராமமொன்றின் கதையைத் தமிழ் வாசகரிடம் ஒரு முஸ்லிம் அறிஞர் சேர்ப்பித்தமை நினைவுகூரத்தக்கது.

1976 ஜூலை 23ஆம் திகதி விக்கிரமசிங்க காலமானார். 1981இல் அவ்வீட்டு வளவில் நாட்டார் நூதனசாலை திறக்கப்பட்டது. எழுத்தாளரின் உடைமைகள் மட்டுமன்றி, உழவர், மீனவர், குயவர் ஆகியோரின் கருவிகளும், முகமூடிகளும், பொம்மலாட்டப் பாவைகளும் அங்கு பேணப்படுகின்றன. ஒரு மனிதரின் நினைவிடம் ஓர் ஊரின் நினைவிடமாகவும் விளங்குகின்றது.

ஊரை விட்டு வெளியேற்றப்படுவதன் வேதனையை வடக்கின் முஸ்லிம்கள் 1990இல் அனுபவித்தனர். படை முகாம்களுக்காகக் காணிகளை இழந்த தமிழ் மக்களும் அதனை அறிவர். இழந்த ஊர்களின் வாழ்வு எழுதப்படவும், அவற்றின் பழம்பொருட்கள் சேகரிக்கப்படவும் வேண்டும். அவ்வூர்களை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அப்பணி தொடங்கப்படல் வேண்டும். கொக்கலை அதற்கோர் உதாரணமாகும்.